குண்டுமல்லி கொடியாக ஓடுகிறது, மொட்டு இல்லை: கவாத்து எப்போது, எவ்வளவு?

தாம்பரம் மாடி:
மூன்று வயதுக் குண்டுமல்லி, 15 அங்குலத் தொட்டி, நல்ல வெயில் படும் மொட்டைமாடி. கிளைகள் ஐந்தடிக்கு ஓடிவிட்டன. இலை செழிப்பாக இருக்கிறது, பூதான் இல்லை. வந்த கொஞ்சம் மொட்டும் ஊதா நிறமாகிக் காய்ந்து உதிர்ந்தது. கவாத்து செய்தால் எவ்வளவு வெட்டலாம்? மாதம் ஒருமுறை யூரியா போடுகிறேன்.

பசுந்தளிர்:
முதலில் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே தள்ளும்.

தயங்காமல் வெட்டலாம். மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். நவம்பர் கடைசி வாரம் சரியான நேரம். ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட்டு, மண்ணிலிருந்து 45-50 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். வெட்டு, கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக இருக்கட்டும். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, நடுவில் அடைத்து நிற்பவை எல்லாம் அடியோடு போகட்டும். மீதி இலைகளையும் உருவிவிடுங்கள். கத்தரி கூராக இருப்பது முக்கியம். மழுங்கிய கத்தரி பட்டையை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்திலிருந்து கிளை கருகிக்கொண்டே கீழே இறங்கும்.

பிறகு மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரம் ஒரு கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம் கலந்து நிரப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் மொட்டு பார்க்கலாம்.

கிணற்றடி:
மேலே சொன்னது சரி. ஆனால் சென்னைப் பக்கம் நவம்பர் கடைசி என்றால் அடைமழைக் காலம். மழை விடாமல் பெய்யும்போது வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் தெரியும் இடைவெளி பார்த்து, டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளினாலும் ஒன்றும் கெடாது. விரல் தடிமன் கிளைகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக் கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். தொட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரும்பு:
ஊதா மொட்டுக்கு வருவோம். மொட்டின் அடிப்பாகம் லேசாக வீங்கியிருந்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள், உள்ளே மிகச் சிறிய புழுக்கள் தெரியும். அது மொட்டு ஈயின் வேலை. மொட்டில் துளையும் எச்சமும், மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூலாம்படையும் இருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் கெட்ட மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை, செடியடியில் போடாதீர்கள். ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் மேல்மண்ணைக் கிளறி வெயில் படவிடுங்கள். அரும்பு விடத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை மாலையில், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

தாம்பரம் மாடி:
நன்றி. துளை எதுவும் பார்த்த நினைவில்லை, அடி வீங்கித்தான் இருந்தது. பக்கத்தில் முல்லையும் ஜாதிமல்லியும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடலாமா?

பசுந்தளிர்:
வேண்டாம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்.

கிணற்றடி:
போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. உப்புத் தண்ணீரில் இது அடிக்கடி வரும். ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். பூ பறித்து முடிந்த கிளைகளில் நுனியிலிருந்து இரண்டு கணு கிள்ளிவிட்டால் பக்கத்தில் துளிர்த்து அடுத்த சுற்று அரும்பு வரும்.