ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி நேர்முகம்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

மே மாதம் பிறந்து, அமெரிக்காவில் டி.ஓ. கல்லூரிகளுக்கான (வழக்கமான மருத்துவத்தோடு ஆஸ்டியோபதி என்ற கைச் சிகிச்சையையும் கற்பித்து டி.ஓ. பட்டம் தருபவை) பொது விண்ணப்பமான ஏகோமாஸ் திறந்துவிட்டால் போதும், "நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?" என்று தெரிந்த பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் அனுபவங்களையும் சேருங்கள்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. கிடைக்காவிட்டால் இது இருக்கட்டும் என்ற நினைப்போடு இந்த நேர்முகத்துக்குப் போகாதீர்கள். எதிரே இருப்பவர்களில் ஒருவராவது பெரும்பாலும் டி.ஓ. மருத்துவராக இருப்பார். அந்தப் படிப்பை அவமதிக்கும் கேள்விகளை வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவர். "ஏன் ஆஸ்டியோபதி?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் முதல் இரண்டு வரியிலேயே அவருக்கு உங்கள் மனம் தெரிந்துவிடும்.

"நோயை மட்டும் பார்க்காமல் முழு மனிதரையும் பார்க்கும் மருத்துவம் என்பதால்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஆனால் எந்த எம்.டி. மருத்துவரும் நான் நோயை மட்டுமே பார்ப்பேன் என்று சொல்வதில்லை. என் நேர்முகம் ஒன்றில் ஒரு பேராசிரியை இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, நீ கண்ணால் பார்த்ததைச் சொல்."

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. நியூ ஜெர்சியில் ஒரு டி.ஓ. குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் கோடை முழுவதும் உடன் நின்று பார்த்தேன். கிடங்கில் பெட்டி தூக்கும் தொழிலாளி ஒருவர், மூச்சை இழுத்தால் முதுகில் குத்துகிறது என்று வந்தார். இசிஜியிலும் எக்ஸ்ரேயிலும் இதயம், நுரையீரல் இரண்டும் நன்றாகவே இருந்தன. மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து, "மூச்சை இழுங்கள், விடுங்கள்" என்றார். நோயாளியிடம் அனுமதி கேட்டு என் விரல்களையும் அங்கே வைக்கச் சொன்னார். இடப்பக்க விலாக்கள் ஏறி இறங்கின. வலப்பக்கத்தில் ஒரு விலா மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து அசையாமல் நின்றது. பிறகு நோயாளியின் கையைத் தாங்கிப் பிடித்து, தன் கைக்கு எதிராக மெல்லத் தள்ளச் சொன்னார். தளர விட்டார். மறுபடி தள்ளச் சொன்னார். எழுந்து உட்கார்ந்தவர் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி குறைந்திருக்கிறது என்றார். பாதிதான். அதே மருத்துவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். கைச் சிகிச்சையும் மருந்துச் சீட்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் எனக்குப் பிடித்தது. நேர்முகத்தில் இதைத்தான் சொன்னேன்.

உடனே அடுத்த கேள்வி வந்தது: "இந்தக் கைச் சிகிச்சைக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா?" படிக்கும் காலத்தில் ஏறத்தாழ 200 மணி நேரம் இதில் பயிற்சி பெறப்போகிறவர்களைக் கேட்பது நியாயமே. இடுப்புவலி, முதுகுவலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, மண்டையோட்டு எலும்புகளை அசைப்பதாகச் சொல்லும் முறைக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று படித்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்கட்டும். இந்தத் துறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தானும் மருத்துவர். 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ரத்தம் வடிப்பதும் பாதரச மருந்தும் சிகிச்சையாக இருந்த காலம் அது. வேறு வழி தேடிய அவர் 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். அந்தக் கல்லூரி இன்றும் அதே ஊரில் அவர் பெயரில் நடக்கிறது.

பல குறு நேர்முகங்களாக நடத்தும் எம்.எம்.ஐ. முறையில் நடந்த நேர்முகம் எனக்கு வேறு விதமாக அமைந்தது. ஒவ்வொரு அறையாக மாறிப்போய், கதவில் ஒட்டியிருக்கும் சூழலைப் படித்துவிட்டு உள்ளே பேச வேண்டும். ஜூம் வழியாக நடந்ததால் கதவுக்குப் பதில் திரை. ஒரு சூழல் இது: மூதாட்டிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. "அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்" என்று மகன் மருத்துவரிடம் கெஞ்சுகிறார். என்ன செய்வாய்?

இதைப் படித்தபோது எனக்குத் திருச்சியில் இருந்த என் அப்பாயி நினைவுக்கு வந்தார். அவருக்கும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. "சிறுகுடலில் புண்" என்றே சொல்லி வைத்திருந்தார்கள். நோயாளியின் உரிமை என்ற பாடப்புத்தக விடையை மட்டும் சொல்ல என் நாக்கு வரவில்லை. மகனை எதிரியாகப் பார்க்க மாட்டேன், அவருடைய பயத்தை முதலில் கேட்பேன், பிறகு மூதாட்டியிடம் தனியாக, "உங்கள் உடல்நிலை பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யாரிடம் நான் பேச வேண்டும்?" என்று கேட்பேன், அவர் அறிய விரும்பினால் மறைக்க மாட்டேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, "மகனிடமே சொல்லுங்கள் என்று மூதாட்டி சொன்னால்?" என்றார். அதுவும் அவருடைய முடிவுதான் என்றேன். நம் வீடுகளில் பார்த்ததை நேர்முகத்தில் சொல்லத் தயங்காதீர்கள், அதற்கு மதிப்பு இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். அது பக்கத்து ஊராகவும் இருக்கலாம், வேறு மாநிலமாகவும் இருக்கலாம். "மூன்றாம் ஆண்டில் எந்த ஊரில் இருப்பேன், அதை யார் முடிவு செய்வார்கள், அங்கே உள்ளுறை மருத்துவர்கள் (பட்டம் பெற்றபின் பயிற்சியில் இருப்பவர்கள்) இருக்கிறார்களா?" என்று எல்லா இடத்திலும் கேட்டேன். ஒரு கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் இடம் ஒதுக்கும் முறையை எழுதியே காட்டினார்கள். இன்னொரு கல்லூரியில் "எல்லாம் நல்லபடியாக அமையும்" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அங்கே இடம் கொடுத்தும் நான் போகவில்லை. இடத்தை உறுதி செய்யக் கட்டும் முன்பணம் பல கல்லூரிகளில் ஆயிரம் டாலரைத் தாண்டும், திரும்பியும் வராது. ஆகவே கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

* * *

அக்கா, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். நான் எச்-4 விசாவில், அதாவது இங்கே வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், வளர்ந்தவன். 21 வயதானதும் அது போய், மாணவர் விசாவுக்கு மாறினேன். பள்ளிக்கூடம் முழுக்க இங்கேயே படித்திருந்தாலும் விண்ணப்பத்தில் நான் வெளிநாட்டு மாணவன்தான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல கல்லூரிகள் எடுப்பதே இல்லை. மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. எடுக்கும் கல்லூரிகளில் சில, ஓராண்டுக்கும் மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கு நடந்த நேர்முகத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர் என் விண்ணப்பத்தை வரிக்கு வரி படித்திருந்தார். இன்னொருவரிடம் என் பெயரைத் தவிர ஒன்றும் கொடுக்கப்படவில்லை. கரிம வேதியியலில் வாங்கிய சி கிரேடைப் பற்றி முதலாமவர் கேட்டார். அந்தப் பருவத்தில் இரவு வேலை பார்த்ததையும், அடுத்த பருவத்தில் உயிர்வேதியியலில் ஏ வாங்கியதையும் சொன்னேன், அத்தோடு விட்டுவிட்டார். விசா பற்றி இருவருமே கேட்கவில்லை. டி.ஓ. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் பற்றி மட்டும் விரிவாகக் கேட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கட்டாயமாகக் கேட்கும் கல்லூரிகள் உண்டு என்பதால் ஓராண்டு முன்பே மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள்.

* * *

தங்கையும் தம்பியும் எழுதியதைப் படித்தேன். நான் டல்லாஸில் இருக்கிறேன், மகள் இப்போது விண்ணப்பிக்கிறாள். ஒரு தகப்பனாக இரண்டு விஷயம்.

ஒன்று, டெக்சாஸ்காரர்கள் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அரசு ஆஸ்டியோபதி கல்லூரிக்கு ஏகோமாஸ் வழியாக விண்ணப்பிக்க முடியாது. மாநிலத்துக்கென்று தனி விண்ணப்பம் இருக்கிறது. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கே கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகவும் குறைவு.

இரண்டாவது, கடன். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே அந்த 50,000-ஐத் தாண்டுகிறது. மீதிக்கு என்ன வழி என்பதை மகளும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, கல்லூரிப் பட்டியலைப் பாதியாகக் குறைத்தோம்.

உறவினர்கள் "முழு டாக்டர்தானா?" என்று கேட்டபோது நான் வாதம் செய்யவில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் டி.ஓ.க்களுக்கு அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் செய்ய உரிமை உண்டு, 2020 முதல் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் உள்ளுறைப் பயிற்சிக்கு ஒரே அங்கீகார முறை, டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அவருடைய மருத்துவராக இருந்த ஷான் கான்லியும் பைடனின் மருத்துவர் கெவின் ஓ கானரும் டி.ஓ.க்கள் என்று சொன்னேன். என் அண்ணனுக்கு அந்தக் கடைசி விஷயம் போதுமானதாக இருந்தது.

மகளுக்கு அடுத்த மாதம் ஒரு நேர்முகம், ஜூமில் அல்ல, கல்லூரிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்மையில் நேரில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே படிக்கும் மாணவர்களோடு தனியாகப் பேச விட்டார்களா என்று எழுதுங்கள். மூன்றாம் ஆண்டு இடங்களைப் பற்றி அவர்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.