ஆராதனை நடுவில் வேட்பாளருக்கு மைக் கொடுக்கலாமா?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன தேர்தல் சமயத்தில் எங்கள் சபையில் நடந்தது இது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற நேரம் ஒரு வேட்பாளர் கட்சிக்காரர்களோடு உள்ளே வந்தார், போதகர் பொன்னாடை போர்த்தி, தலையில் கைவைத்து ஜெபித்து, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார். அவர் கிறிஸ்தவர்களுக்குத் தானே பாதுகாப்பு என்று பேசி, சின்னத்தையும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அந்த ஜெப போட்டோ கட்சிக்கொடி போட்டு எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. எங்கள் சபையில் வேறு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அதில் ஒரு குடும்பம் அதற்குப் பிறகு ஆலயத்துக்கே வருவதில்லை. கமிட்டியில் கேட்டால் “இந்தக் காலத்துல நமக்கு ஒரு பாதுகாப்பு வேணாமா தம்பி” என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. உங்கள் சபைகளில் எப்படி?

சாந்தோம் வக்கீல்:
சட்டப்படியே கூடாது தம்பி. கோயில், மசூதி, தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதைவிடக் கடுமையானது 1988-ல் வந்த சட்டம், மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆலய இடத்தை அரசியல் வேலைக்கு விட்டால் அது நிர்வாகத்தில் இருப்பவர் மேல்தான் பாயும், 5 வருடம் வரை சிறை. அப்புறம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவு. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது அதில் முறைகேடு, வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. கமிட்டிக்கு இதை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் காதில் ஏறாது.

ராயபுரம் அக்கா:
வக்கீல் சார் சொல்வது சரி. ஆனால் இதை வைத்து “சபைக்குள் அரசியலே பேசாதே” என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்சி அந்தஸ்து என்று வைத்தார்கள், 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறோம். ஞானஸ்நானம் எடுத்ததால் ஊரில் எங்களை யாரும் வேறு சாதியாகப் பார்க்கவில்லை, கல்லறையில்கூடத் தனி இடம் காட்டிய ஊர்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. 2023-ல் நம் சட்டமன்றமே எங்களுக்காகத் தீர்மானம் போட்டது. ஆனால் அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐ கறுப்பு தினமாக அனுசரிக்கச் சொல்லித் திருச்சபைகள் கேட்டும், எங்கள் ஆலயத்தில் ஒரு வரி அறிவிப்புகூட வருவதில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவருக்கு மைக் கிடைக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வலி. நியாயத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசட்டும், யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற போதகர்:
மகளே, நீங்கள் கேட்பது நியாயம். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அதிகாரத்தில் இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்லித்தான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார், அதில் கட்சி பார்க்கச் சொல்லவில்லை. வேட்பாளர் வந்தால் மற்றவர்களைப் போல பெஞ்சில் உட்காரட்டும், ஆராதனை முடிந்ததும் வாசலில் கை கொடுத்து அனுப்புங்கள். பாதுகாப்பு என்கிறார்களே, நாட்டின் அரசியல் சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் நம் பிரதிநிதிகள் கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தொகுதி ஒதுக்கீடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவர்கள். லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அடிகளாரும் அந்தச் சபையில் இருந்தார். எல்லாருக்கும் பொதுவான அடிப்படை உரிமைகளை நம்பினார்கள், மதத்தைப் பரப்பும் உரிமை சாசனத்தின் 25-வது பிரிவில் வந்தது. ஒரு வேட்பாளர் தருகிற வாக்கைவிட அது எவ்வளவு உறுதியானது என்று கமிட்டிக்காரர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். சண்டை போட வேண்டாம். வராமல் போன அந்தக் குடும்பத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி ஐயா, இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். வக்கீல் சார் சொன்னபடி மனுவும் எழுதுகிறேன், அதிலேயே ஆகஸ்ட் 10 அறிவிப்பையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன். அக்கா, அந்தப் பகுதியை நீங்கள் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.