அட்டைத் துப்பாக்கியோடு வந்த இசைத்தட்டு

எழுபதுகளின் இத்தாலிய ராக் இசைக்குழு ஆரெயாவின் பழைய ஆல்பங்கள், மறுவெளியீடுகளாக எப்படிக் கைக்கு வந்தன என்று இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறீர்கள். என்னுடையது இரண்டு முறை நடந்தது.

முதல் முறை 'ஆர்பைட் மாஹ்ட் ஃப்ரை' சிடி. மிலானின் கிராம்ப்ஸ் இசைத்தட்டு நிறுவனம் 1973இல் எல்பியாகக் கொண்டுவந்த, குழுவின் முதல் ஆல்பம் அது. தபாலில் எனக்கு வந்தது ஏதோ ஒரு மலிவுப் பதிப்பு. உள்ளே மடித்த தாள் ஒன்றே ஒன்று. பாடல் வரிகள் கிடையாது. யார் எதை வாசித்தார்கள் என்பது மட்டும் பொடி எழுத்தில் நாலு வரி. இருந்தும் முதல் பாட்டு ஆளை அசையவிடவில்லை. ஒரு பெண் அரபியில் பேசுகிறார். அடுத்து குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸின் குரல், அவசரமே இல்லாமல். அது ஓய்ந்ததும் கீபோர்டும் சாக்ஸஃபோனும் டிரம்ஸும் பால்கன் நாட்டுப்புற மெட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாய்கின்றன. கூடவே தட்டப் பார்த்தேன், ஒவ்வொரு சுற்றிலும் கை எங்கோ ஒரு இடத்தில் தப்பியது. 'ஜூலை, ஆகஸ்ட், (கறுப்பு) செப்டம்பர்' என்ற அந்தத் தலைப்பு, 1970இல் ஜோர்டான் ராணுவத்துக்கும் பாலஸ்தீனப் போராளிகளுக்கும் மூண்ட சண்டையைத் தொட்டது என்று எனக்குத் தெரியவே வருஷங்கள் ஆயின.

இரண்டாம் முறை மிலானில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் சந்தையில். அதே ஆல்பம், வினைல் மறுவெளியீடு. தட்டை வெளியே இழுத்தபோது கூடவே ஏதோ சரிந்து விழப் பார்த்தது. துப்பாக்கி வடிவத்தில் வெட்டிய அட்டை! 1973 பதிப்பில் இருந்ததைப் போலவே செய்து வைத்திருந்தார்கள். ஒரு கையில் அந்த அட்டை, இன்னொரு கையில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வாசலில் எழுதியிருந்த வாசகத்தையே பெயராகக் கொண்ட உறை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கிராம்ப்ஸைத் தொடங்கிய ஜான்னி ஸாஸ்ஸி விளம்பரத்துறையிலிருந்து வந்தவர். 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற புனைபெயரில் இந்தக் குழுவுக்குப் பாட்டும் எழுதியவர். உறையும் வரியும் ஒரே தலையில் உதித்தவை. அதனால்தான் சொல்கிறேன், உறையைச் சுருக்கி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மறுவெளியீடு செய்தால் பாதி ஆல்பம்தான் நமக்கு வருகிறது.

மறுநாள் மிலானின் செம்பியோனே பூங்காவில் இருக்கும் அரேனா என்ற திறந்தவெளி அரங்கம் வரை நடந்தேன். ஸ்ட்ராடோஸின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட 1979 ஜூன் 14 அன்று அங்கே கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. முந்தின நாளே அவர் நியூயார்க்கில் இறந்துவிட்டார். வயது 34. கச்சேரி நடந்தது, அஞ்சலியாக. சுமார் 60,000 பேர் வந்தார்களாம். நான் போனபோது மதில் ஓரமாக இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். அந்தத் துப்பாக்கி அட்டையை நானும் பார்த்திருக்கிறேன், நண்பர் வீட்டில். எனக்கு வாய்த்தது இரண்டாவது ஆல்பம், 1974இன் 'காஷன் ரேடியேஷன் ஏரியா'. முதல் பாட்டு 'கொமேட்டா ரோஸ்ஸா'வில் ஸ்ட்ராடோஸ் கிரேக்கத்தில் பாடுகிறார். அலெக்ஸாண்டிரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், வீட்டு மொழி அது. அந்தக் குரல் வார்த்தையை விட்டு விலகி, நடுங்கி, உடைந்து, மேலே ஏறும் இடத்தை ஹெட்ஃபோனில் ஒரே இரவில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கடைசியில் வரும் 'லோபோடோமியா' சின்தசைசர் இரைச்சல். முதல் நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது அதைக் கேட்காமல் விடுவதில்லை.

ஆரெயாவில் இந்தக் குரல் பிடித்துப்போனால் அவருடைய தனி ஆல்பம் 'கான்டாரே லா வோச்சே'யைத் தேடுங்கள், 1978. வாத்தியமே இல்லை, தொண்டை மட்டும். ஒரே மூச்சில் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும். தன் கைக்குழந்தையின் மழலையைக் கவனித்ததில்தான் இந்தத் தேடல் தொடங்கியதாம். பேச்சுப் பழகப் பழகக் குழந்தை அந்த ஒலிகளை இழந்துவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். விடியற்காலையில் அவள் தொட்டிலில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தால் நான் உடனே போய்த் தூக்குவதில்லை, சற்று நேரம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.