கிறிஸ்துமஸ் டிசைனைச் சின்ன ஹூப்பில் போட முடியுமா? டவல், கைக்குட்டை, துணிப்பை

மல்லிகைநூல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களுக்கும் அலுவலகத் தோழிகளுக்கும் நானே எம்பிராய்டரி போட்டுப் பரிசு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு டிசைனும் வாங்கிவிட்டேன். பெரிய மரம், அடியில் பரிசுப் பெட்டிகள், உச்சியில் தங்க நட்சத்திரம், கீழே வளைத்து எழுதிய வாழ்த்து. அளவு 130க்கு 180 மி.மீ., 24,000 தையல், 9 நிறம். என் மெஷினிலோ துணியை மாட்டும் சட்டம், அதான் ஹூப், 100க்கு 100 மி.மீ.தான்.

இதைச் சுருக்கி முகம் துடைக்கும் டவல், மெல்லிய காட்டன் கைக்குட்டை, துணிப்பை மூன்றிலும் போடலாமா? கைக்குட்டையில் எதைப் போட்டாலும் டிசைனைச் சுற்றித் துணி சுருங்குகிறது. தங்க ஜரிகை நூல் நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுகிறது. மொத்தம் பத்து பேருக்குச் செய்ய வேண்டும்.

குறுக்குத்தையல் எழுதியது:

கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இருந்தால் சுருக்கலாம், ஆனால் தையல் எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிடும் வகையாக இருக்க வேண்டும். மெஷின் திரையில் சுருக்கினால் 10, மிஞ்சிப் போனால் 20 சதவீதம். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

பாபின்பெட்டி எழுதியது:

மல்லிகை, அந்த டிசைனை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். காசு கொடுத்தது வயிற்றெரிச்சல்தான், ஆனால் காரணம் இருக்கிறது.

நாம் வாங்கும் பிஇஎஸ், டிஎஸ்டி மாதிரி எம்பிராய்டரி ஃபைல்களில் பெரும்பாலும் படம் என்று ஒன்று கிடையாது. ஊசி எங்கெங்கே குத்த வேண்டும் என்ற புள்ளிகள்தான் இருக்கும். 180 மி.மீ.யை 100 ஆக்கினால் நீளமும் அகலமும் 55 சதவீதத்துக்கு வந்துவிடும். பரப்பு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடத்துக்குள் அதே 24,000 குத்து. வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இருந்த இடைவெளி 0.22 ஆகும். சாதாரண 40 நம்பர் நூலின் பருமனே கிட்டத்தட்ட 0.4 மி.மீ. என்றால் அது எங்கே போய் உட்காரும்? நூல் அறும், ஊசி உடையும், கைக்குட்டையில் ஓட்டையே விழும்.

சரி, குறுக்குத்தையல் சொன்ன மாதிரி திரும்பக் கணக்கிட்டே சுருக்கினீர்கள் என்று வையுங்கள். 8 மி.மீ. உயர எழுத்து 4.4 மி.மீ. ஆகிவிடும். அந்த உயரத்தில் எழுத்தின் உள்வட்டமெல்லாம் அடைத்துக்கொண்டு பூச்சி மாதிரி தெரியும். வாழ்த்தை அட்டையில் எழுதிக் கொடுங்கள், துணியில் வேண்டாம்.

நேரக் கணக்கும் பாருங்கள். நிமிஷத்துக்கு 400 தையல் என்று ஓட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு மணி நேரம். 9 நிறம் மாற்றுவது தனி. பத்து பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் உங்களுக்கு மரம் என்றாலே வெறுத்துவிடும். 4,000 தையல் பனிச்சில்லு என்றால் பத்து நிமிஷம், ஒரே நிறம். வாங்குகிறவர் தையலை எண்ணிப் பார்க்கப் போவதில்லை. சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அதனால் துணியை முதலில் முடிவு செய்யுங்கள், டிசைன் அதற்குப் பிறகு.

கைக்குட்டைக்கு வெறும் கோட்டு டிசைன். ஒரு இலைக்கொத்து, நாலு சிவப்புப் பழம், அவ்வளவுதான். உள்ளே நிரப்பிய டிசைன் எதுவும் மெல்லிய காட்டனுக்கு ஆகாது. துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த பிறகே ஹூப்பில் மாட்டுங்கள். உங்களுக்குச் சுருக்கம் வருவது பெரும்பாலும் மாட்டும்போதே தொடங்கியிருக்கும். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கிற பழக்கம் இருக்கிறதா? இழுத்த துணி, ஹூப்பிலிருந்து கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும், மேலே விழுந்த தையல் திரும்பாது. அந்த வித்தியாசம்தான் சுருக்கம். கட்டத் துணியாக இருந்தால் கோடு வளையாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அடியில் தண்ணீரில் கரையும் ஷீட், துணி மாதிரி இருக்குமே அந்த வகை, இரண்டு அடுக்கு. துவைத்தால் பின்பக்கம் ஒன்றும் மிஞ்சாது. 75/11 ஊசி.

டவல் கதையே வேறு. அதன் சுருள் நூல்களுக்குள் மெல்லிய கோடுகள் புதைந்துவிடும், ஆகவே கைக்குட்டைக்குச் சொன்ன டிசைனை இதில் போடாதீர்கள். கொஞ்சம் அகலமான சாட்டின் தையல் (நூல் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாக விழுந்து பட்டை மாதிரி நிரப்புவது), தடித்த நட்சத்திரம், பெரிய மணி. மேலே ஒரு அடுக்கு கரையும் ஃபிலிம் கட்டாயம். பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கும், முடிந்ததும் கிழித்துவிட்டு மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். டவலை ஹூப்பில் திணிக்கவே வேண்டாம். டியர்-அவே ஸ்டெபிலைசரை, அதாவது துணிக்கு அடியில் தாங்கலாக வைத்துப் பிறகு கிழித்தெடுக்கும் தாளை, மட்டும் மாட்டி, அதன்மேல் ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து டவலை வைத்து, சுற்றி ஒரு பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரேயை மெஷினுக்குப் பக்கத்தில் அடித்தால் பசை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த அறைக்குப் போய் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடியுங்கள்.

டவலைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். மேசையில் விரித்துக் குறித்தால் தொங்கும்போது நட்சத்திரம் தலைகீழாக நிற்கும்! பின்பக்கமும் கண்ணில் படும் பொருள் இது, ஆகவே அடிநூல் வரும் பாபினிலும் மேல் நூலின் நிறமே சுற்றுங்கள்.

துணிப்பை தடித்த துணி என்றால் கவலையே இல்லை, அடியில் டியர்-அவே வைத்து எதை வேண்டுமானாலும் போடலாம். தைத்து முடித்த பை என்றால் பின்பக்கத் துணி ஹூப்புக்கு அடியில் மாட்டாமல் கிளிப் போட்டுச் சுருட்டிவிடுங்கள்.

ஜரிகை நூலுக்கு 90/14 மெட்டாலிக் ஊசி. அதன் கண் பெரிது, நூல் உரசாது. மேல் நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, குறையுங்கள், வேகத்தை 400க்குக் கீழே கொண்டுவாருங்கள். நூல்கண்டை நிற்க வைத்து, பக்கவாட்டில் உருண்டு அவிழ்கிற மாதிரி மாட்டுங்கள். மேல்வழியாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், அங்கேதான் அறுகிறது. இத்தனைக்கும் பிறகும் மக்கர் செய்தால் பளபளப்பான மஞ்சள் பாலியஸ்டர் போதும். டவலில் எப்படியும் அதுதான் நல்லது, ஜரிகை முகத்தில் உறுத்தும்.

மல்லிகைநூல்:

ஆமாம் அக்கா, இறுக்கிய பிறகு இழுக்கிறேன்தான்! முரசு மாதிரி இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த மரத்திலிருந்து பரிசுப் பெட்டியை மட்டும் தனியாக எடுக்க முடியுமா? அலுவலகத் தோழி ஒருத்தி ஃபைலைக் கேட்கிறாள், அனுப்பலாமா?

குறுக்குத்தையல்:

ஃபைலை அனுப்பாதீர்கள். தைத்த பொருளைப் பரிசாகக் கொடுக்க அநேகமாக எல்லா டிசைனர்களும் அனுமதிப்பார்கள், ஃபைலைக் கைமாற்ற அனுமதிப்பவர்கள் அரிது. தைத்து விற்பதற்கும் ஒவ்வொருவர் ஒவ்வொரு நிபந்தனை வைத்திருப்பார்கள். வாங்கும்போது கூடவே ஒரு குறிப்பு வந்திருக்கும், படித்துப் பாருங்கள்.

பாபின்பெட்டி:

இழுக்க வேண்டியது ஹூப்பை மூடுவதற்கு முன்னால். ஸ்க்ரூவைத் துணியின் கனத்துக்குத் தக்கபடி முதலிலேயே சரிசெய்துவிட்டால், அமுக்கினதும் தானாக விறைப்பாக நிற்கும்.

பெட்டியைத் தாராளமாக எடுக்கலாம். ஹூப்பைவிடப் பெரிய ஃபைலை உங்கள் மெஷின் திறக்காது, ஆகவே கம்ப்யூட்டரில்தான் பிரிக்க வேண்டும். இங்க்/ஸ்டிட்ச் என்ற சாஃப்ட்வேர் இலவசம், பிஇஎஸ், டிஎஸ்டி, ஜெஃப் ஃபைல் எல்லாம் திறக்கும். பெட்டிக்குரிய நிறத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அழித்து, நடுவுக்கு நகர்த்தி, வேறு பெயரில் சேமியுங்கள். அளவில் மட்டும் கை வைக்காதீர்கள். ரிப்பன் பெட்டிக்கு மேல் வரும்படி நிறங்களின் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே துணியின் வெட்டுத்துண்டில் ஒன்று ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் சாட்டின் தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் டென்ஷன் சரி. பாபினில் வேறு நிறம் சுற்றிப் பார்த்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.