ஊர் நடுவுல சின்ன பூட்டிக் ஹோட்டல்: நிம்மதியா தங்க முடியுமா?

நடைப்பிரியன்:
போன மாசம் வேலை விஷயமா ஒரு பெரிய நகரத்துக்குப் போயிருந்தேன், மூணு ராத்திரி, சந்தடி ஓயாத மெயின் ரோட்டுல 14 ரூமே இருக்கிற ஒரு பூட்டிக் ஹோட்டல்ல தங்கினேன். இனிமே பெரிய செயின் ஹோட்டல் பக்கமே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க போகணும்னாலும் நடந்தே போயிடலாம், ரெண்டாவது நாள் கீழ இறங்கி வரும்போதே ரிசப்ஷன்ல இருந்தவர் "நேத்து மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுதா"ன்னு கேக்குறார். 300 ரூம் இருக்கிற எடத்துல நாம வெறும் ரூம் நம்பர்தான். யோசிக்கிறவங்க தயங்காம போங்க.

தேன்மொழி:
நீங்க தனியா போனீங்க, அதான் இப்படிச் சொல்றீங்க. நான் எங்கம்மாவோட போனேன், அவங்களுக்கு முட்டிவலி. போட்டோல பாத்தா அவ்ளோ அழகு. போய் எறங்கினா லிஃப்டே கெடையாது, ரூம் மூணாவது மாடி, பழைய மரப்படி, நடுவுல தேஞ்சு வழவழன்னு இருக்கு, அம்மா ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் புடிச்சிட்டு ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறுறாங்க, பின்னாடி பெட்டியோட நான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எதிர் பார்ல பாட்டு, அது நின்னுதேன்னு கண்ணை மூடினா அஞ்சு மணிக்கு குப்பை லாரி. ஜன்னல் சரியா சாத்தல, டவலைச் சுருட்டி இடுக்குல அடைச்சு வச்சேன். ரூம் மாத்திக் குடுங்கன்னா எல்லாம் ஃபுல்லுன்னுட்டாங்க. இருக்கிறதே பத்துப் பதினஞ்சு ரூம், எங்கேர்ந்து மாத்துவாங்க? பெரிய ஹோட்டல்னா வேற ஃப்ளோர்லயாவது ஒண்ணு கெடைச்சிருக்கும்.

நடைப்பிரியன்:
அம்மா பட்ட கஷ்டம் படிக்கவே வருத்தமா இருக்கு. ஆனா லிஃப்ட் இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே? சத்தத்துக்கும் வழி இருக்கு, மேல் மாடியா கேட்டு வாங்கிட்டா போதும்.

ஒலித்தச்சன்:
மேல் மாடினா அமைதின்னு நம்பாதீங்க ப்ரோ. நான் கட்டடங்களுக்கு சத்தத்தடுப்பு வேலை பாக்குறவன். மொட்டைமாடில ஏசி யூனிட் இருக்கும், லிஃப்ட் இருந்தா அதோட மோட்டாரும் பல எடத்துல அங்கதான், கடைசி மாடிக்காரனுக்கு ராத்திரி பூரா ஒரே உறுமல். தூங்குற ரூமுக்குள்ள 30 டெசிபலைத் தாண்டக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, அதுக்கு மேல 10 ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி கேக்கும். தேன்மொழி டவல் வச்சது சரியான வேலைதான், இடுக்கு வழியா வர்ற பேச்சு, ஹார்ன் எல்லாம் கொறையும், ஆனா பார்லேர்ந்து டம்டம்னு அடிக்கிற பேஸ் சத்தம் சுவரையும் கண்ணாடியையும் அதிரவச்சு உள்ள வர்றது, அதுக்கு டவல் பத்தாது. பழைய ஜன்னலுக்கு உள்பக்கமா 10 சென்டிமீட்டராவது எடம் விட்டு இன்னொரு கண்ணாடி ஜன்னல் போட்டா நல்ல வித்தியாசம் தெரியும். பாரம்பரியக் கட்டடம்னா வெளி ஜன்னலை மாத்த விடமாட்டாங்க பாருங்க, அங்கயும் இதைப் பல சமயம் செய்யலாம். மத்தபடி ரோட்டுப் பக்கம் வேண்டாம், பின்கட்டு ரூம் குடுங்கன்னு கேளுங்க.

தேன்மொழி:
நல்லா சொன்னீங்க, நன்றி. ஆனா என் கேள்வியே வேற. இதெல்லாம் தங்கப் போறவங்க ஏன் தெரிஞ்சு வச்சிருக்கணும்? 1984ல நியூயார்க்ல மார்கன்ஸ் ஹோட்டல் தொறந்தப்போ அதோட முதலாளிகள்ல ஒருத்தரான ஸ்டீவ் ரூபெல்தான் பெரிய ஹோட்டல் டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாதிரி, எங்களுது பூட்டிக், அதாவது சின்ன ஃபேஷன் கடை மாதிரின்னு ஒப்பிட்டுச் சொன்னாராம், அந்தப் பேர்தான் நெலைச்சிடுச்சு. சரி, சின்னக் கடைதானே, கடைக்காரர் கூடக்கொறைய இருக்கிறதை அவராவே சொல்லித்தானே விக்கணும்? படுக்கையை பத்து போட்டோ எடுக்கிறவங்க மாடிப்படியை ஒரு போட்டோ எடுத்துப் போட்டா என்ன?

ராக்கோழி:
ஆறு வருஷம் ஒரு சின்ன ஹோட்டல்ல நைட் ஷிஃப்ட் பாத்தவன் நான். தேன்மொழி அக்கா சொல்றது நியாயம். உள்ள நடக்கிறதையும் சொல்லிடறேன். எங்க எடத்துல யாருக்கு எந்த ரூம்னு முந்தின நாள் ராத்திரியே நோட்ல எழுதிடுவோம், அதனால வந்து நின்னு கேட்டா கஷ்டம், ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணிட்டா முடிஞ்சது. ஆப்ல எழுதுற ரிக்வெஸ்ட் ஒரு வரி குறிப்பா வரும், அவசரத்துல கண்ணுலயே படாது. ஆப்காரங்களுக்கு 15 சதவீதம், அதுக்கு மேலயும் கமிஷன் போகுது, நேரா பேசி புக் பண்ணவங்களுக்கு நல்ல ரூமை எடுத்து வைப்போம். பார்ட்டி முடியற நேரம், குப்பை லாரி வர்ற நேரம் எல்லாம் ராத்திரி ஆளுக்கு அத்துப்படி, ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிட்டு அவரையே கேளுங்க.

நடைப்பிரியன்:
மேல் மாடி சொன்னது என் தப்பு. எனக்கும் பின்கட்டு ரூம்தான் அமைஞ்சிருக்கு, நான் கேட்டு வாங்கல, தானா வந்தது. ஆனா அந்த மனுஷங்களுக்காகவே நான் திரும்பப் போவேன்.

தேன்மொழி:
அடுத்த மாசம் அம்மாவோட டாக்டரைப் பாக்க திரும்பப் போகணும், ஆஸ்பத்திரி ஊர் நடுவுலதான். நேத்து ராத்திரி வேற ஒரு சின்ன ஹோட்டலுக்கு போன் போட்டேன். எடுத்தவர் "லைன்ல இருங்கம்மா"ன்னுட்டு எழுந்து போய் எண்ணிட்டு வந்து, வாசல்ல மூணு படி, தரைத்தள ரூமுக்கு உள்ள படியே இல்ல, ஜன்னல் பின்பக்கம்னு சொன்னார். அந்த ரூமை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். ஆனா நான் கேட்டதுக்கப்புறம் சொன்னாங்க, அவங்க போட்டோல இன்னமும் வாசப்படியைக் காணோம்.