தாத்தா 80: பேனர் படத்துல பச்சை ஓரம்

சுதா: முரளி, போட்டோஷாப்ல தாத்தா படத்தைப் பின்னால இருந்த பச்சைத் துணியிலேர்ந்து வெட்டி மெரூன் பேனர்ல வச்சாச்சு. தலைமுடி ஓரமெல்லாம் பாசி படிஞ்ச மாதிரி இருக்கு. வெட்டின ஓரத்தைத் திருத்துற ரீஃபைன் எட்ஜ் பிரஷ் ஓட்டியும் போகல.

முரளி: எது தெரியணும், எது மறையணும்னு சொல்ற மாஸ்க்கை எவ்வளவு திருத்தினாலும் போகாதுக்கா. துணில பட்ட வெளிச்சம் திரும்பி முடி மேலயே விழுந்திருக்கு. வெள்ளை முடி அதை அப்படியே வாங்கிக்கும். சட்டைக் காலரும் பாருங்க, அங்கயும் இருக்கும்.

சுதா: இருக்கு. ஓர நிறத்தை மாத்துற டீகன்டாமினேட் கலர்ஸ் 100 வச்சேன், காதுப் பக்கம் முடி தோல் நிறமாயிடுச்சு.

முரளி: அது பக்கத்துப் பிக்சல் நிறத்தை ஓரத்துக்கு இழுக்கும், அதான். எடுத்துடுங்க. தாத்தா லேயருக்கு மேல, சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கலந்து மாத்துற சேனல் மிக்சர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, ரெண்டுக்கும் நடுக்கோட்டுல ஆல்ட் பிடிச்சு கிளிக் பண்ணுங்க, கிளிப் ஆயிடும், தாத்தா படத்துல மட்டும் வேலை செய்யும். அவுட்புட் சேனல் கிரீன். ரெட் 50, கிரீன் 0, புளூ 50. அப்புறம் பிளெண்ட் மோட் டார்க்கன்.

சுதா: கிரீனே இல்லையே, சயான், மெஜந்தான்னு காட்டுது.

முரளி: பேனர் ஃபைல் சிஎம்ஒய்கே, அச்சு மை நிறங்கள்ல இருக்கு. படத்தை மட்டும் தனியா ஆர்ஜிபில, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்துல, திறந்து முடிச்சுட்டுக் கொண்டு வாங்க.

ரவி மாமா: டார்க்கன் எதுக்குப்பா?

முரளி: பச்சை கூடுதலா இருக்கிற இடத்துல மட்டும் குறையணும் மாமா. டார்க்கன் பழசு, புதுசு ரெண்டுல குறைவானதை எடுத்துக்கும். முடி சிவப்பு 190, பச்சை 225, நீலம் 185 இருந்தா பச்சை மத்த ரெண்டோட சராசரி 188க்கு இறங்கி வெள்ளையாயிடும். கன்னம் 210, 150, 120. அங்க சராசரி 165. டார்க்கன் இல்லேன்னா பச்சை 165க்கு ஏறி முகம் மஞ்சள் பூத்துடும்.

சுதா: முடி சுத்தமாயிடுச்சு!! ஆனா சங்கிலி செம்பு மாதிரி ஆயிடுச்சே.

முரளி: ஆமாக்கா, தங்கத்துல நீலம் ரொம்பக் குறைச்சல், அதனால சராசரி கீழ போயிடும். சேனல் மிக்சரோட மாஸ்க்ல கறுப்பு பிரஷ் எடுத்து சங்கிலி, வேட்டி ஜரிகை ரெண்டையும் மூடிடுங்க. முடி கொஞ்சம் மங்கலாத் தெரியும், வெளிச்சத்துல பெரும்பங்கு பச்சைதானே. வெளிச்சத்தைக் கூட்டுற கர்வ்ஸ் லேயர் ஒண்ணு கிளிப் பண்ணி, கோட்டை நடுவுல லேசா தூக்குங்க. அந்த கர்வ்ஸோட மாஸ்க்கை கண்ட்ரோல் ஐ கொடுத்துக் கறுப்பாக்கிட்டு, வெள்ளை பிரஷ், ஃப்ளோ 10, முடி ஓரத்துல மட்டும்.

கார்த்தி: அண்ணா, என்கிட்ட போட்டோஷாப் இல்ல, கிம்ப்தான்.

முரளி: அதே கணக்குதான்டா. லேயரை நகல் எடு. கலர்ஸ், காம்போனென்ட்ஸ், சேனல் மிக்சர். கிரீன் பகுதியில 0.5, 0, 0.5. நகலோட மோட் டார்க்கன் ஒன்லி.

ரவி மாமா: பாட்டி படம் நாளைக்கு எடுக்கணும். பச்சைப் பட்டு எடுத்து வச்சிருக்காங்க.

முரளி: அப்ப பச்சைத் துணி வேண்டாம் மாமா, புடவையும் சேர்ந்து போயிடும். மாடில சாம்பல் பெயின்ட் சுவர் இருக்கே, அதுக்கு ஆறடி முன்னால உட்கார வைங்க. சாம்பல் வெளிச்சம் பட்டாலும் முடில நிறம் ஏறாது. வெள்ளைச் சுவர்னா முடியும் சுவரும் ஒண்ணாயிடும், செலக்‌ஷனே நிக்காது.