மஞ்சள் மூங்கிலில் புதுக் குருத்து அழுகுகிறது

வணக்கம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் வீடு. மதிலோரம் அழகுக்கு வைத்த மஞ்சள் மூங்கிலில் (பச்சைக் கோடு போட்டது, தூராக வளரும் ரகம்) இந்தச் சாரலில் வந்த குருத்துகள் ஒவ்வொன்றாகப் போகின்றன.

2021 ஜூனில் நட்டது. இப்போது 14 கழைகள், சுமார் 20 அடி உயரம். பழைய கழைகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. ஜூன் கடைசியில் 9 குருத்துகள் வந்தன. முழங்கால் உயரம் வரை ஜோராக வருகிறது. அப்புறம் நுனி பழுப்பாகி, உறை சொதசொதத்து, இழுத்தால் புளித்த நாற்றத்தோடு கையோடு வந்துவிடுகிறது. 7 போய்விட்டன. பிளந்து பார்த்தேன்: இரண்டில் வெள்ளைப் புழு, மற்ற ஐந்தில் ஒன்றுமில்லை. அதுதான் குழப்பம்.

மண் களி. மதிலுக்கு அந்தப் பக்கம் நெல்வயல், தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். போன வருஷம் வயல் தரிசாகக் கிடந்தது, அப்போது 5 குருத்தும் தேறின.

வேப்பம்புண்ணாக்கு 2 கிலோ போட்டேன். காப்பர் ஆக்ஸிகுளோரைடு (பூஞ்சைக்கான மருந்து) லிட்டருக்கு 3 கிராம் கலந்து இரண்டு முறை தூரில் ஊற்றினேன், மறுநாளே மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஓரடி ஆழத்தில் வாய்க்காலும் வெட்டினேன். உரக்கடையில் யூரியா போடச் சொன்னார்கள், மனசு ஒப்பவில்லை.

இதே இடத்தில் வடிகாலை ஆழப்படுத்தினால் போதுமா, அல்லது தூரைப் பிரித்து மேட்டில் நட்டுவிடுவதுதான் சரியா?